எருமைக்குழியில் மீன் இல்லை

வாங்க மேடம், உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாமுங்க, இது டேம் பங்களாதான், எங்கூடு இல்ல. இந்தச் சேர்ல உக்காருங்க, அந்தச் சேருக்குக் கால் ஆடும். கையெழுத்துத்தானுங்களே, போட்டுர்லாம், ஒரு நிமிசத்து வேலை. பேனாவ இங்கதான் எங்கியோ வெச்சேன். இல்லீங்க, உங்க பேனா வேண்டாம். எம் பேனால போட்டாத்தான் எனக்குக் கையெழுத்து சரியா வரும். சித்த இருங்க.

மேடம்னு கூப்பிட வாய் வரமாட்டேங்குது. எம் பெரிய பொண்ணு வயசு உங்களுக்கு. அம்மணின்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கோயமுத்தூர்ல, இந்தப் படகு இல்லத்துக்கு அனுமதி வாங்கித் தர்ற அந்தக் கன்சல்டன்சி ஆபீஸ்ல சேர்ந்து எத்தன நாளாச்சு? ஆறு மாசமா? அதான், இத்தன வெயில்ல உங்களத் தாட்டி விட்டிருக்காங்க. வாட்ச்மேன் டீ வாங்கப் போயிருக்கறாரு, வந்துருவாரு.

நாலு மணிக்குள்ள பைல் போகோணும், தெரியுமுங்க. காலையில இருந்து மெட்ராஸ்ல இருந்து மூணு போன். 'சென்னியப்பன், அந்தப் படகு இல்லம் விசயம் என்னாச்சு, உங்க கையெழுத்து ஒண்ணுதானே பாக்கி?'ன்னு. ஒண்ணுதான். எட்டு வருசம் முந்தி இந்த நீலிப்பள்ளம் டேமப் பத்தி நான் ஒரு ரிப்போர்ட் எழுதினேன். அது இன்னைக்கும் சரிதான்னு நானே ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, எருமைக்குழில படகுத்துறை கட்டலாம், ஓட்டல் கட்டலாம், லைட்டுப் போடலாம். 'எருமைக்குழிப் பகுதியில் மீன் இனப்பெருக்கம் இல்லை.' அந்த வரி என்னுதுதானுங்க. இந்தாங்க, நாப்பத்திரெண்டாம் பக்கம். நீங்களே அடிக்கோடு போட்டு வெச்சிருக்கறீங்க.

எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரறேன்னு பாக்கறீங்களா? தூண்டில் கையில இருந்தா ஆறு மணி நேரம் கல்லாட்டம் உக்காருவேன், ஈ மொச்சாக்கூட அசைய மாட்டேன். பைல் முன்னாடின்னா அஞ்சு நிமிசம் தாங்காது. அதுவும் முந்தாநாள்ல இருந்து கால் ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது.

எனக்குத் தூண்டில்னா உசுருங்க அம்மணி. நாலாங் கிளாஸ் படிக்கறப்ப மயிலெறகத் தக்கையாக் கட்டி வாய்க்கால் ஓரமா உக்காந்தவன், இன்னும் எந்திரிக்கல. எங்கப்பாரு தறி ஓட்டினவரு. 'மீனாடா உனக்குச் சோறு போடும்?'னு முதுகுல ரெண்டு வெச்சாரு. போட்டுச்சு பாருங்க. மீனப் பத்திப் படிக்கறதுக்குன்னே காலேஜ் இருக்குதுன்னு ஆரோ சொன்னாங்க, தூத்துக்குடிக்கு ரயிலேறிட்டேன். படிச்சு முடிச்சு மீன்வளத் துறை ஆய்வாளரா இந்த டேமுக்கே வேலைக்கு வந்தேன். சம்பளத்தக் குடுத்து தண்ணி ஓரமா உக்கார வெச்சாங்க. அதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?

நான் மெட்ராசுக்குப் போனது எப்பிடின்னு கேளுங்க. அதுவும் தூண்டில் கூட்டிட்டுப் போனதுதான். ஒரு நா கோயமுத்தூர்ல கூட்டம், மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி வந்திருந்தாரு. 'டேம்ல வெரால் எந்த அளவுல முட்டை வைக்கும்?'னு கேட்டாரு. அத்தன பேரும் பைலைப் பொரட்டறாங்க. நான் கடைசி வரிசைல எந்திரிச்சு முழங்கையக் காட்டி, 'இவ்வளவு நீளம் வந்தாப் போதுமுங்க சார்'னேன். 'இடுப்பளவுத் தண்ணி வேணும், பாசி வேணும். மழை பேஞ்சு மூணாம் நாளு ஆணும் பொண்ணும் பாசிய ஒதுக்கி வட்டமாக் கூடு கட்டும். குஞ்சு பொரிச்சா மெளகாத்தூளக் கொட்டின மாதிரி செவப்பாக் கூட்டமா மேல வரும். அடியில அப்பனும் ஆத்தாளும் காவலுக்கு நிக்கும்'னேன். எந்தப் புத்தகத்துல படிச்சீங்கன்னாரு. படிக்கலீங்க சார், பாத்திருக்கறேன்னேன். ஒரே மாசத்துல ஆர்டர் வந்துருச்சு, கொள்கைப் பிரிவுக்கு.

கண்ணாடி ரூமு, சுத்தற சேரு. ஆனா ஒண்ணு அம்மணி, சும்மா சொல்லக் கூடாது, நான் உக்காந்து எழுதினேன். வலைக் கண்ணி எவ்வளவு அகலம் இருக்கோணும், எந்த மீன எந்த அளவுக்குக் கீழ புடிக்கக் கூடாது, எந்த மாசம் தண்ணிய விட்டு ஒதுங்கோணும், எல்லாம் நான் எழுதினது. வருசா வருசம் சட்டசபைல வைக்கற கொள்கைக் குறிப்புல எம் பேரு இருக்காது, ஆனா நாலு பத்தி என்னுதா இருக்கும். கூட வேலை பாக்கறவனெல்லாம் கம்ப்யூட்டரப் பாத்து எழுதுவான், நான் கண்ண மூடித் தண்ணியப் பாத்து எழுதுவேன். இப்ப மாநிலத்துக்கே ஒரு உள்நாட்டு மீன் கமிட்டி போடறாங்க. அதுக்கு உறுப்பினர் செயலர் ஆருன்னு நெனைக்கறீங்க? வர்ற திங்கக்கெழம ஆர்டர். தறிக்காரன் மவன்.

சன்னலச் சாத்தட்டுங்களா? காத்து பேப்பரத் தூக்குது. வேண்டாமா? சரி, தெறந்தே இருக்கட்டும்.

தூண்டில்காரங்கிட்ட ஒரு வழக்கம் இருக்குதுங்க, உங்களுக்குத் தெரியாது. எடத்தச் சொல்ல மாட்டோம். பெத்த தாய் கேட்டாலும் சொல்ல மாட்டோம். ஆராச்சும் பையத் தொட்டுப் பாத்து, 'அட, இத்தாப் பெரிய வெரால எங்க புடிச்சே?'ன்னு கேட்டா, மேக்க புடிச்சிருந்தா கெழக்க தாடையக் காட்டுவோம். கேட்டவனுக்கும் தெரியும் அது பொய்யின்னு. அவனும் 'அப்பிடியா'ன்னுட்டுப் போயிருவான். இதுக்குப் பேரு பொய்யில்லீங்க, இது ஒரு மருவாதி. நல்ல எடம் ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு வருவான், மறுநாள் பிரியாணி கட்டிட்டு நாப்பது பேரு வருவான்.

எனக்கு மேக்குக் கரைல எருமைக்குழி. வேலைக்குச் சேர்ந்த மொத வருசமே கண்டு புடிச்சுட்டேன். டேம் கட்டறதுக்கு முந்தி அங்க எருமை படுத்துக் கெடந்த பள்ளமாம். மூணு பக்கமும் வேலமரம் மூடியிருக்கும், வெளிய நின்னு பாத்தா உள்ள தண்ணி இருக்கறதே தெரியாது. இடுப்பளவு, பாசி, சேறு. வெராலுக்குன்னே சாமி வெட்டி விட்ட மாதிரி. முப்பது வருசமாப் போறேன், இங்க இருந்த வரைக்கும் ஒரு ஞாயித்துக்கெழம தவறினதில்ல. மெட்ராசுக்குப் போனப்பறமும் மாசம் ரெண்டு தடவை ரயிலேறி வந்துருவேன். எங்கூட்டுக்காரிக்கே எந்த எடம்னு தெரியாது. அங்க மண்ணு செவப்புங்க. பேண்ட் மடிப்புல செம்மண்ணு ஒட்டியிருந்தா ஆராச்சும் கண்டு புடிச்சுருவாங்கன்னு, நேராக் கெழக்குக் கரைக்குப் போவேன். அங்க பரிசல்துறைல கரிசல் சேறு. கால நல்லாக் கழுவிட்டு அந்தச் சேத்துல நாலு மிதி மிதிச்சுட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. எத்தன வருசம் மிதிச்சிருப்பேன்!

இதையெல்லாம் எழுதாதீங்க அம்மணி. நோட்டை மூடி வைங்க. சும்மா கேளுங்க.

எட்டு வருசம் முந்தி கொள்கைல ஒரு புதுசு கொண்டு வந்தோம். ஒவ்வொரு டேம்லயும் மீன் முட்டை வைக்கற எடத்தக் கண்டு புடிச்சு, அதக் காப்பிடம்னு அறிவிச்சு, வருசத்துக்கு மூணு மாசம் வலையும் கூடாது, தூண்டிலும் கூடாதுன்னு சட்டம். யோசனை என்னுதுதான். மாதிரிக்கு மொத டேம் எதுன்னு கேட்டப்ப, 'நம்ம சென்னியப்பனோட டேம்தான்'னு சொல்லிட்டாங்க. எனக்குப் பெருமைன்னா பெருமை. படகு, வலை, சின்னப் பசங்க நாலு பேரோட இங்க வந்து பத்து நாள் தங்கிப் படம் வரைஞ்சோம்.

ஏழாம் நாளு ஒரு பையன், 'சார், அந்த வேலமரத்துக்குப் பின்னால என்ன இருக்குது?'ன்னான். என் தாடை தானா கெழக்க திரும்பிருச்சு. 'அங்க முள்ளும் மொட்டைக் கட்டையும் கெடக்குதப்பா, படகு போகாது. ஒண்ணுமில்ல அங்க. கெழக்குக் கரையப் பாக்கலாம் வா'ன்னேன். யோசிச்சுச் சொல்லலீங்க. சத்தியமா யோசிச்சுச் சொல்லல. கேட்டான், வாய் சொல்லிருச்சு. அப்பறம் சொன்னத இல்லைன்னு சொல்ல முடியுமா? அந்த வாரமே நாப்பத்திரெண்டாம் பக்கத்துல ஏறிருச்சு.

ஆனா மாதிரி டேம்ல காப்பிடமே இல்லைன்னு எழுத முடியாதில்லீங்களா? எங்கியாச்சும் ஒரு வட்டம் போடோணும். கெழக்குக் கரைல பரிசல்துறைல போட்டேன். முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன், நாலு கெண்டைக் குஞ்சு இருந்துச்சு. ஆடி, ஆவணி, புரட்டாசி மூணு மாசமும் அங்க பரிசல் எறக்கக் கூடாது. நாப்பது பரிசல்காரங்க. சத்தம் போட்டாங்க, மனு குடுத்தாங்க, அதெல்லாம் எங்கயும் இருக்கறதுதான். இப்ப வடக்க மூணு மைல் பரிசலத் தலைல கவுத்துட்டு நடந்து போயி எறக்கறாங்க. கொஞ்சம் செரமந்தான். ஒருத்தருக்குக் கழுத்தெலும்பு தேஞ்சு பட்டை போட்டிருக்கறாருன்னு சொன்னாங்க. நடக்கறது ஒடம்புக்கு நல்லதுதானுங்களே. அந்தச் சட்டத்தப் பாத்துட்டு மத்த டேம்லயும் கொண்டு வந்தாங்க. ஒரு ஊர்ல கட்லாக் கெண்டை ரெண்டு பங்காயிருச்சு, இந்த வருசக் கொள்கைக் குறிப்புல படிச்சுப் பாருங்க, பத்தொம்பதாம் பக்கம்.

போன் அடிக்குது. அடிக்கட்டும். மெட்ராஸ்தான்.

முந்தாநாள் காலைல, இந்தப் பைல் விசயமா நான் மெட்ராஸ்ல இருந்து வந்து எறங்கின ஒடனே, இந்த வராண்டாவுல வந்து நின்னாங்க பாவாயி. பரிசல் சங்கத் தலைவி. அந்தக் கழுத்துப் பட்டைக்காரரு அவங்க ஊட்டுக்காரருதான். அவருக்கு முடியாமப் போனதுல இருந்து அவங்களே பரிசல் தொழாவி, அவங்களே வலை போடறாங்க. நெம்பத் தாட்டியமான பொம்பளை. கெழக்குக் கரைத் தடைய எடுக்கச் சொல்லி வந்திருப்பாங்கன்னு நெனைச்சு, 'பாக்கலாம், அடுத்த வருசம் மறு ஆய்வு வருது'ன்னு நானே ஆரம்பிச்சேன்.

'நான் அதுக்கு வரலீங்க சார். எருமைக்குழில ஓட்டலு கட்டறாங்களாமா?'ன்னாங்க.

'ஆமா, அங்கதான் மீனே இல்லியே'ன்னேன்.

பாவாயி என்னைப் பாத்தாங்க. கோவமாப் பாத்திருந்தாக்கூட நான் பதில் சொல்லியிருப்பேன் அம்மணி. பச்சப் புள்ள பொய் சொன்னா பாப்பமே, அப்பிடிப் பாத்தாங்க. 'சார், ஞாயித்துக்கெழமயானா எங்க தொறைக்கு வந்து காலுக்குச் சேறு பூசிட்டுப் போவீங்களே, நாங்க பாத்துட்டுத்தான இருப்போம்'னாங்க.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்! முப்பது வருசம். நாப்பது குடும்பமும் பாத்திருக்குது. எம் பொண்டாட்டிக்குத் தெரியாதது, எந் துறைக்குத் தெரியாதது, பரிசல்துறைல சட்டி கழுவற பொம்பளைங்க அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்குது. 'மொத வருசம் பயித்தியமின்னு நெனைச்சோம், அப்பறந்தான் எங்க மாமனாரு விசயத்தச் சொன்னாரு'ங்கறாங்க.

'அப்ப நீங்க ஏன் அங்க வலை போடல?'ன்னு கேட்டேன். அதத்தான் நான் கேட்டிருக்கக் கூடாது.

'அங்க எப்பிடிங்க போடறது? ஆடித் தண்ணி வந்துருச்சுன்னா, குஞ்சு செவப்பு மாறிக் கருப்பாகற வரைக்கும் அந்தப் பக்கம் பரிசலே திருப்ப மாட்டோம். டேம் கட்டுன நாள்ல இருந்து அப்பிடித்தான். அங்க பொறக்கறதுதான டேம் பூராவும் வருது, அத அழிச்சுட்டு நாங்க என்னத்தத் திங்கறது'ன்னாங்க. 'நீங்க மட்டும் உக்காந்து புடிப்பீங்க. காவலுக்கு நிக்கற ஆண் வெராலயே புடிப்பீங்க. ஆபீசரு, உங்கள ஆரு கேக்கறது. ஒத்தை ஆளு, ஆசைக்குப் புடிக்கறாரு, வருசத்துக்கு நாலஞ்சு போனாப் போகுதுன்னு விட்டுட்டோம்.'

நாலஞ்சு இல்லீங்க அம்மணி. அதுக்கு மேலயே இருக்கும். காவலுக்கு நிக்கற வெரால் இருக்குதே, அது பசிக்குக் கடிக்காது. குஞ்சுகிட்ட எது போனாலும் பாஞ்சு வந்து கவ்வும். தூண்டிலப் போட்டா அடுத்த நொடி கொம்பு வளையும். அந்த இழுப்பு இருக்குதே, அதுக்கு ஈடா ஒலகத்துல ஒண்ணுமே கெடையாது. புடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல எழுதினதும் நான்தான், மூணாம் பிரிவு. அந்தப் பிரிவு காப்பிடத்துக்குத்தான் பொருந்தும், எருமைக்குழி காப்பிடம் இல்லியே. சட்டப்படி நான் ஒரு தப்பும் பண்ணலீங்க.

போறப்ப பாவாயி படில நின்னு இன்னொண்ணு சொன்னாங்க. 'படத்துல வட்டத்த மாத்திப் போட்டுட்டீங்கன்னு எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க சார். உங்களுக்குன்னு ஒரு எடம் வேணும்போல, அதான் மறைக்கறீங்கன்னு நாங்களும் வாயத் தெறக்கல. சுத்தித்தான நடக்கோணும், நடந்துக்கலாம், குஞ்சு இருந்தாச் செரின்னு இருந்தோம். நாங்க விட்டு வெச்ச எடம் சார் அது. அத நீங்க எடுத்து எவனுக்கோ குடுக்கறீங்களே'ன்னாங்க. அழுகலீங்க. சண்டை போடல. முந்தானைய ஒதறிச் சொருகிட்டு நடந்துட்டாங்க.

அன்னைக்கிருந்து இதையேதான் பொரட்டிப் பொரட்டிப் பாக்கறேனுங்க. உண்மையச் சொன்னா என்னாகும்? மாதிரி டேமோட படமே பொய்யின்னு ஆகிப் போகும். அதப் பாத்து எழுதின சட்டத்துக்கு எவன் மருவாதி குடுப்பான்? கமிட்டி போச்சு, திங்கக்கெழம ஆர்டர் போச்சு, விசாரணை வரும், பென்சன்ல கை வெப்பாங்க. எருமைக்குழி காப்பிடமாயிரும், காவல் வெரால் நிக்கற அந்த மூணு மாசமும் நான் அங்க தூண்டில் போட முடியாது. கையெழுத்துப் போட்டாலும் எருமைக்குழி போயிருது, மண்ணக் கொட்டி மூடிருவாங்க. எப்பிடிப் பாத்தாலும் எனக்கு அது இல்ல. அப்பறம் எதுக்கு வேலையயும் சேத்து விடறது? நீங்களே சொல்லுங்க. படிச்ச புள்ள.

நாப்பத்திரெண்டாம் பக்கத்தையே பாத்துட்டிருக்கறீங்க. சரி விடுங்க.

ஒரு விசயம் பாருங்க, உங்ககிட்டச் சொன்னதே போதும். முப்பது வருசத்துல ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்காதவன் இன்னைக்கு மொத மொதலாச் சொல்லிட்டேன். மனசு நெம்ப லேசா இருக்குதுங்க. மணி மூணேகாலு. குடுங்க, உங்க பேனாவே போதும். எங்க போடோணும், இங்கயா, கீழயா?

ஏன் பேப்பர இழுக்கறீங்க?

அட, நான் சொன்னது உங்களுக்கும் எனக்கும் நடுவுலதானுங்களே. அது வேற, கையெழுத்து வேற. நீங்க சின்னப் புள்ள, உங்க வேலையக் கெடுத்துக்காதீங்க. நான் சொன்னத மறந்துருங்க, ரிப்போர்ட்ல என்ன இருக்குதோ அதுதான் கணக்கு. என்ன? எடத்தப் பாக்கோணுமா? இப்பவா? பாக்காம வாங்கிட்டுப் போக மாட்டீங்களா? இந்த வெயில்ல அங்க போயி என்னத்தம்மா பாக்கப் போறீங்க? ஆடி மாசந்தான், ஆமா, குஞ்சு இருக்கும். போன வாரந்தான் மழை பேஞ்சுச்சு. செவப்பாத்தான் இருக்கும்.

உங்க இஷ்டம். நான் எதுக்குங்க கூட? டிரைவர்கிட்ட வழி சொல்றேன், அவரு கூட்டிட்டுப் போவாரு. தம்பி, இங்க பாருப்பா. டேம் மேல நேராப் போனா மதகு வரும். மதகத் தாண்டினா ரோடு ரெண்டாப் பிரியுது. ரைட்டுல திரும்பி, பரிசல்துறை வரைக்கும் போயி, அங்கிருந்து ஒரு மண் பாதை...

நில்லுங்க. அம்மணி, நில்லுங்க. தம்பி, வண்டிய எடுத்துராதீங்க!

ரைட்டு இல்லீங்க. லெப்ட்டு. மதகத் தாண்டி லெப்ட்டுத்தான் போகோணும். நான் நெனைச்சது லெப்ட்டுத்தான், வாய் ரைட்டுன்னு சொல்லிருச்சு. இருங்க, நானே வர்றேன். முன்னாடி உக்காந்து வழி சொல்றேன். அம்மணி, உங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். நான் எங்க திரும்பச் சொன்னாலும், ஒடனே திரும்பிராதீங்க. ஒரு தடவை எங்கிட்டத் திருப்பிக் கேளுங்க.